படத்திறப்புக்கு வந்த இரண்டு அம்மணி

செத்தவர்களை அழகாக்குகிறவன் குமரேசன். முடிச்சூர் ரோட்டில் பேனர் அடிக்கும் கடையில் டிசைனர். பத்தாம் வகுப்பில் கணக்கு அவனைக் கைவிட்டது. கம்ப்யூட்டரைத் தானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் அடிப்பான். ஆனால் அவன் கைராசி கண்ணீர் அஞ்சலியில்தான்.

ஒரு குடும்பம் அழுதுகொண்டே வந்து ரேஷன் கார்டு படத்தை நீட்டும். அதில் தலை மட்டும்தான் தேறும். குமரேசன் கம்ப்யூட்டருக்குள் நாலு உடம்பு தயாராக வைத்திருக்கிறான். கோட்டு சூட்டு ஒன்று, வெள்ளை வேட்டி ஒன்று, பட்டுப்புடவை இரண்டு. தலையை வெட்டி உடம்பின்மேல் வைப்பான். விழுந்த பல்லை முளைக்க வைப்பான், கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை எடுப்பான். ஆயுள் முழுக்க லுங்கியைத் தவிர வேறெதையும் கட்டாத மீன்கடை மாரி, செத்தபிறகு கோட்டு சூட்டில் நாற்பது நாள் ரோட்டோரம் நின்றார். அவர் சம்சாரமே பேனரைப் பார்த்துவிட்டு, "இந்த மன்சன் இப்டி இருப்பார்னு தெரிஞ்சிருந்தா நான் சண்டயே போட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

எங்கள் வீட்டுக்கும் குமரேசன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பாதி விஷயம் தானாக வந்து காதில் விழும். மீதியை நானே போய் எடுத்துக்கொள்வேன். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வம்பன்தான், படுபாவி இல்லை.

அவன் பெண்டாட்டி அம்மணி. மேடவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மெண்டில் சமையல் வேலை. வாயில் யாரையும் விட்டுவைக்க மாட்டாள். தண்ணி லாரி வந்தால் யார் குடம் முதலில், யார் குடம் அடுத்து என்று தெருவுக்கே முறை வைப்பவள் அவள்தான். மகள் உதயா பிறந்த மறு வருடம் அவளுக்கு உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அப்புறம் கன்னம், கண்ணைச் சுற்றி, விரல் நுனிகள். வலிக்காது, யாருக்கும் ஒட்டாது, வெறும் வெண்புள்ளி என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெரு அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது. அம்மணி அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

உதயா வயசுக்கு வந்தபோது தாய்மாமன் தசரதன் மஞ்சள் நீராட்டுக்குப் பெரிய பேனர் வைக்கச் சொன்னார். தசரதன் அம்மணியின் அண்ணன். கூடுவாஞ்சேரிப் பக்கம் அப்பா விதைத்த நிலத்தை மனை போட்டு விற்று, கழுத்தில் தடிச் சங்கிலியோடு வலம்வருகிறவர். பேனருக்காகக் குமரேசன் தன் போனிலேயே அம்மாவையும் பெண்ணையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான். அம்மணி வாய் கொள்ளாமல் சிரித்த படம் அது.

அந்தப் படத்தின் முன்னால் குமரேசன் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தான். அம்மணியின் நெற்றியிலிருந்து நிறத்தை எடுத்துக் கன்னத்தில் அப்பினான். கழுத்திலிருந்து எடுத்து உதட்டோரம் வைத்தான். ஒரு புள்ளி மிச்சமில்லாமல் மூடினான். ஆசையில்தான் செய்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முடித்ததும், கடை வழக்கப்படி, பழைய படத்தின் மேலேயே சேமித்தான். போனில் இருந்ததையும் இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டான்.

பேனர் தெருமுனையில் ஏறியது. அம்மணி குடத்தை இடுப்பில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் பத்துப் பேர் அங்கே இருந்தோம்.

"யாருய்யா இவ? நல்லாதான் கீறா. எத்தினி நாளா பழக்கம்?" என்று புருஷனைக் கேட்டாள்.

எல்லோரும் சிரித்தோம். குமரேசனும் சிரித்தான். அவள் மட்டும் சிரிக்காமல் குடத்தோடு உள்ளே போய்விட்டாள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு எந்தப் போனுக்கும், எந்தக் கேமராவுக்கும் அவள் முகத்தைக் காட்டவில்லை. யாராவது நீட்டினால் முந்தானையை இழுத்துக்கொள்வாள். பழைய கல்யாண ஆல்பம் ஒன்று இருந்தது. அது பெருவெள்ளம் வந்த வருடம் நீலமாகக் கரைந்து போயிற்று.

இது நடந்து சில வருடம் கழித்து, அம்மணி வேலை செய்கிற வீட்டில் பழைய பொருட்களைக் கழித்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு குழந்தைப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் துணி, நூல், காகிதம், பட்டன் எல்லாம் ஒட்டிச் செய்த படங்கள். காக்காய் சட்டை போட்டிருக்கும். அந்தச் சட்டைக்கு நிஜக் காஜா. யானையின் காது யாருடைய பழைய பெட்ஷீட்டோ. இங்கிலீஷ் எழுத்து ஒன்றையும் குமரேசன் படிக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

"பாத்தியாண்ணா, பசை வழிஞ்சது அப்டியே கீது. நூலு பிரிஞ்சது தெரியுது. மறைக்கவே இல்ல இத்த பண்ண ஆளு" என்று என்னிடம் காட்டினான். இருபது வருடமாக எல்லாவற்றையும் வழவழப்பாக்கிச் சம்பளம் வாங்குகிறவன் அவன். எனக்கு அதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை. கெட்டுப்போன வேலைக்கு இவ்வளவு பாராட்டா என்று கேட்டேன். அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

அப்புறம் அவன் சட்டைப் பையில் பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, ஜாக்கெட் வெட்டிய துணி என்று குப்பை சேர ஆரம்பித்தது. மைதாப் பசை காய்ச்சி சார்ட்டில் ஒட்டினான். ரேஷன் கடை வரிசையில் பையோடு நிற்கும் மீன்கள். ஒன்பது கோழி ஏறிய ஷேர் ஆட்டோ. டிரைவர் மட்டும் சேவல். அம்மணிதான் வெங்காயத் தோலும் பால் கவரும் எடுத்து வைத்துத் தருவாள். சாயங்காலம் ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சத்தம்.

"இன்னாய்யா, நண்டுக்குப் போயி என் ஜாக்கெட்டு துணிய போட்டு வெச்சிகிற?"

"நண்டு இல்லடி. அது நம்ம கவுன்சிலரு."

"அப்போ இன்னும் மோசம். அவரு பொண்டாட்டி பாத்தா என்னப் பத்தி இன்னா நெனைப்பா?"

ஒருநாள் மட்டும் அவன் குரல் தணிந்து கேட்டது. "உன்ன ஒரு படம் பண்ணட்டா?"

"வாணாம்யா. ஒருதபா என் மூஞ்சியக் கழுவுனது போதும்."



போன மழைக்காலத்தில் அம்மணிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், துணி சுற்றி.

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியத்தோடு படத்திறப்பும் உண்டு. செத்தவர் படத்தைத் துணி போட்டு மூடி வைத்து, பெரியவர் ஒருவர் விலக்குவார். அதற்கப்புறம் அந்தப் படம்தான் கூடத்துச் சுவரில் இருக்கும், விளக்கும் மாலையுமாக. ஊருக்கெல்லாம் படம் செய்து கொடுத்த குமரேசனிடம் பெண்டாட்டிக்கு ஒரு படம் இல்லை. ஆதார் கார்டில் இருப்பது அம்மணியா, அம்மிக்கல்லா என்று சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது அவன் கழுவிய அந்த ஒரே படம்.

"அத்த மாட்ட மாட்டேண்ணா. அது அவ இல்ல" என்றான்.

கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பகலெல்லாம் கூடத்தில் குந்தி உட்கார்ந்தான். மூன்று சார்ட்டைச் சேர்த்து ஒட்டி ஒன்றாக்கினான். புடவைக்கு அவள் நைட்டியையே வெட்டினான். முகம்தான் வரவில்லை. வெள்ளைப் பெயிண்ட் வைத்தால் சுண்ணாம்பு தெறித்த மாதிரி இருந்தது. முட்டை ஓட்டை நொறுக்கி ஒட்டினான். அதைப் பார்க்க அவனுக்கே பயமாக இருந்தது. ஐந்தாறு முகம் குப்பைக்குப் போயிற்று. கடைசியில் கடையிலிருந்து வந்த மாதிரிக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை, மாநிறத்தில் அச்சடித்த தடித்த அட்டை, கோபத்தில் கையாலேயே கிழித்தான். கிழிந்த ஓரத்தில் உள்ளிருந்த வெள்ளை வந்தது. ஒழுங்கில்லாமல், தன் இஷ்டத்துக்கு வளைந்து. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் மெல்ல மெல்ல இன்னும் கிழித்தான். கன்னத்துக்கு ஒரு துண்டு, உதட்டோரத்துக்கு ஒரு துண்டு.

"அவ மூஞ்சில வந்தது எவனும் வரைஞ்சது இல்லண்ணா. தானா வந்தது. இதுவும் தானாதான் வருது" என்றான். அந்தப் பதினாறு நாளில் அவன் முகத்தில் வெளிச்சம் பார்த்தது அப்போதுதான்.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். தண்ணி லாரியின் முதுகில், யானைமேல் ராணி உட்காருவது போல் அம்மணி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் தும்பிக்கை மாதிரி ஹோஸ் பைப். கீழே குடத்தோடு மீன்கள் வரிசை. ஒரு காக்காய் அவளுக்குத் தலை வாரிவிடுகிறது. முகமெல்லாம் புள்ளி, வாயெல்லாம் சிரிப்பு. நான் கிண்டல் பண்ணத்தான் போயிருந்தேன். ஆனால் அவள் எந்த நிமிஷமும் என்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவாள் போலிருந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசை நாற்றம் என்று சொல்லிவைத்தேன்.

பதினாறாம் நாள் காலை தசரதன் காரில் வந்து இறங்கினார். கையில் கண்ணாடி போட்ட பெரிய படம். பழைய பேனரை அவர் போனில் வைத்திருந்தார் போல. எங்கோ கொடுத்து, அந்தக் கழுவின முகத்தை அரக்கு நிறப் பட்டுப்புடவை உடம்பில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். பிறந்த வீட்டு முறை என்று நாற்காலியில் சாய்த்தார். பிறகுதான் குமரேசன் ஒட்டிய படத்தைப் பார்த்தார். நானும் சாமியானாக் கயிறு கட்டுகிற சாக்கில் அங்கேதான் இருந்தேன்.

"இன்னா மாப்ள இது? மீனு, காக்கா. எழவு வூட்டுல வெளாட்டா?"

"அவ அப்டிதான மச்சான் இருந்தா. பாருங்க, சிரிப்பு அவ சிரிப்புதான?"

தசரதன் கிட்டே குனிந்து பார்த்தார்.

"அவதான். நான் இல்லேங்கல. தோள்ல தூக்கிகினு திரிஞ்சவன் நானு, எனக்குத் தெரியாதா?" என்றார். "ஆனா வர மாசம் பொண்ணு பாக்க வராங்க. சாவு வுழுந்த வூட்டுல ஒரு வருசத்துக்குள்ள கல்யாணத்த முடிக்கணும், இல்லாட்டி மூணு வருசம் தள்ளிப் பூடும். இத்த சொவத்துல பாத்தான்னா, பொண்ணுக்கும் வருமான்னு கேப்பான். காப்பி குடிக்காம எந்திரிச்சு பூடுவான். போன தபா போனாங்களே, மறந்துட்டியா?"

குமரேசன் மறக்கவில்லை. போன தடவை வந்தவர்கள் அம்மணி தட்டு நீட்டிய விரலைப் பார்த்துவிட்டுப் பஜ்ஜியைத் தொடாமல் போனார்கள். அன்றைக்கு உதயா கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எங்கள் வீடுவரை கேட்டது.

அவன் மகளைப் பார்த்தான். "நீ சொல்லும்மா. எது வெக்கட்டும்?"

உதயா லாரிமேல் உட்கார்ந்திருந்த அம்மாவின் புடவையை ஒரு விரலால் தடவினாள். அது அவளே தி.நகரில் வாங்கிக் கொடுத்த நைட்டித் துணி.

"இது அம்மாப்பா," என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "மாமா கொண்டாந்தத வெச்சிரலாம்பா" என்றாள்.

குமரேசன் தன் படத்தை எடுத்துக்கொண்டு போய் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வைத்தான்.

பத்து மணிக்குத் துணியை விலக்கினார்கள். "அம்சமா கீறா, லட்சுமி மாதிரி" என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குமரேசன் கைகூப்பி நின்றான். எந்த இடத்து நிறத்தை எடுத்து எந்த இடத்தில் அப்பினோம் என்று அவனுக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் அவளுக்காக அழுதார்கள். அவன் அந்தப் படத்தைப் பார்த்து அழவில்லை; அழத் தெரியாதவன் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதை நான்தான் தெருவில் பரப்பினேன் என்றும் ஒரு பேச்சு உண்டு.

அடுத்த மாதம் கூடுவாஞ்சேரியிலிருந்து பையன் வீட்டார் வந்தார்கள். காப்பி குடித்தார்கள். பஜ்ஜியும் தின்றார்கள். பையனின் அம்மா சுவரையும் உதயாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"பொண்ணு அப்படியே அம்மா ஜாடைங்க. அந்தக் கலரும் அதே கலரு."

தசரதன் குமரேசனைப் பார்த்தார். உதயா தட்டைப் பார்த்தாள்.

"ஆமாங்க. அப்டியே அவ அம்மாதான்" என்றான் குமரேசன்.

தை மாதம் கல்யாணம் குறித்தார்கள். அவன் அதற்குப் பிறகு பசை காய்ச்சவில்லை. சட்டைப் பையில் குப்பை சேரவில்லை. கல்யாணம் முடிந்து சீர் சாமான் அனுப்புகிற அன்று காலை, உதயா பீரோவுக்குப் பின்னாலிருந்து படத்தை இழுத்தாள்.

"நான் எடுத்துனு போறேம்பா."

"எங்கம்மா வெப்ப?"

"மாட்ட முடியாது. பீரோக்குள்ள, புடவைக்கு அடியில வெச்சிப்பேன். அவங்க பாக்காத நேரம் நான் பாத்துப்பேன்."

சீர் சாமானை மறைத்துக் கொண்டுபோக முடியாது. கட்டிலும் பீரோவும் பாத்திரமும் அங்கே இறங்கும்போது சொந்தமெல்லாம் நின்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். மெத்தையோடு போகிற கோரைப்பாய் ஒன்றுதான் யாரும் பிரித்துப் பார்க்காதது. அதற்குள் வைக்க வேண்டுமானால் படத்தைச் சுருட்ட வேண்டும்.

"சுருட்டுனா நிக்காதும்மா. பசை காஞ்சு பூட்ச்சி. வுட்டுரும்."

"மெதுவா சுருட்டுப்பா."

அவன் பாயை விரித்து, அதன்மேல் படத்தை வைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து சுருட்டினான். உதயா இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டாள். முதல் சுற்றில் மீன்கள் போயின, மாத்திரை அட்டை படபடவென்று உரிந்தது. லாரி மடங்கியது. முகம் வந்த இடத்தில் அவன் கை நின்றது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. இரண்டு முனையிலும் கயிறு கட்டினான்.

வேன் வந்தது. பையன் வீட்டு ஆள் ஒருவன் பாயைத் தூக்கி அலட்சியமாகத் தோளில் போட்டான்.

"பாத்துப்பா, கீழ போட்றாத" என்றான் குமரேசன்.

"பாய்தான மாமா. ஒடஞ்சா பூடும்?" என்று அவன் சிரித்தான்.

குமரேசன் வேன் கதவு சாத்துகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமா, பாய்தான்" என்றான்.