ரிலேவின் குறுக்கே ஒரு கம்பி

அப்பாவுக்குப் பாட்டு காதில் விழாது, கையில்தான் விழும். பர்கூர்ப் பக்கம் கல் குவாரியில் வெடி வைத்தே வயதைக் கழித்தவர். காது போய் வெகுகாலம் ஆகிறது. பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. மிச்சம் இருந்தது இடது கை. கட்டிலை ஒட்டி ஸ்பீக்கர் பெட்டியை வைத்து, தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினால், அந்தக் கையைப் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக் கிடப்பார். விரல்கள் தாளம் போடும்.

அதற்காகவே என் வீட்டுக்காரர் பெங்களூரில் போர்டு வாங்கி வந்து பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கட்டினார். ஓசூரில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர், தனக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை என்று நினைப்பு. அதற்குள் ஒரு ரிலே உண்டு. சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்துவிடாது. உள்ளே எல்லாம் சரியாக இருந்தால்தான் ரிலே ‘டிக்’ என்று ஒட்டி, ஸ்பீக்கருக்கு வழிவிடும். கோளாறு என்றால் அதே ரிலே பிரிந்து பாட்டை நிறுத்திவிடும்.

எனக்குக் காலை ஷிஃப்ட், அவருக்கு மதிய ஷிஃப்ட். அவர் கிளம்பி நான் திரும்பும் வரை அப்பா தனியாக இருப்பார். பாட்டைப் போட்டுவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. கொஞ்ச நாளாகப் பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது என்று இவர் புலம்பிக்கொண்டிருந்தார். நின்றால் அப்பா பெட்டியைத் தட்டித் தட்டி அழுவாராம்.

அன்று கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்து, இவர் போனில் அனுப்பியிருந்த பேச்சைக் கேட்டேன்.

“இனிமே பாட்டு நிக்காது பாரு. ரிலேவுக்குக் குறுக்க ஒரு கம்பி வெச்சு சால்டர் பண்ணிட்டேன். எங்க மெஷின்ல சென்சார் தொல்லை பண்ணா இப்படித்தான பைபாஸ் பண்ணி ஓட்றோம். மாமா நல்லா கேட்டுட்டிருக்காரு. நான் கம்பெனிக்குள்ள போறேன்.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நான் வேலை செய்வது இன்வெர்ட்டர் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில். ரிலே சும்மா பிரியாது. சூடேறியதும் எதுவோ கெட்டு, பாட்டுக்குப் பதிலாக ஸ்பீக்கருக்கு டி.சி. என்கிற நேர் கரண்ட் பாய்கிறது. அதைத் தடுக்கத்தான் அது பிரிந்துகொண்டிருந்தது. தடுக்காவிட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் ஹீட்டர் கம்பியாகச் சிவந்து, அட்டையும் துணியும் பற்றிக்கொள்ளும். நாய் குரைக்கிறதே என்று அதன் வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். புகை வந்தால் அப்பாவால் கத்தவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. கதவு வேறு வெளியே பூட்டு.

இவருக்கு அடித்தேன். போன் லாக்கருக்குள் போயிருக்கும், எடுக்கவில்லை. மாடி வீட்டு அக்காவுக்கு அடித்தேன். அவர் கிருஷ்ணகிரியில் கல்யாணத்தில் இருந்தார். சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

“ஏனாய்த்தும்மா?” என்று என்ன ஆச்சென்று கன்னடத்தில் கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போகப் பாஸ் எழுதினார். “ஹோகு, மொதல்ல ஹோகு” என்று வாசலைக் காட்டினார்.

ஆட்டோவில் ஏறினால் ஹைவேயில் லாரிகள் வால் பிடித்து நிற்கின்றன. அப்பா படுத்திருக்கும் இலவம்பஞ்சு மெத்தை மட்டும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. “அண்ணா, எப்படியாவது சந்துல பூந்து போங்கண்ணா” என்று கெஞ்சினேன்.

தெரு முனையிலேயே தெரிந்தது. பாட்டுச் சத்தம் இல்லை.

வாசல் மீட்டர் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பூட்டைத் திறந்தேன். வார்னிஷ் கருகும் நாற்றம் முகத்தில் அடித்தது. புகைக்குள் அப்பாவின் கண்கள் திறந்திருந்தன, என்னையே பார்த்தன. உயிர் இருந்தது. ஸ்பீக்கரின் முகப்புத் துணி பெட்டியில் இல்லை. எரியத் தொடங்கியதும் அதைக் கிழித்து, மெத்தையில் படாமல் தரையில் எறிந்திருக்கிறார். குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரைப் பெட்டிக்குள் ஊற்றியிருக்கிறார். எல்லாவற்றையும் செய்தது அந்த இடது கை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அவருக்கு இருந்ததே அந்த ஒரு கைதான்.

செய்தி போய் இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். வாய்க்கு வந்தபடி ஏசலாம் என்றுதான் காத்திருந்தேன். அப்பாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “பாட்டு ஏன் நிக்குதுன்னு நான் பாக்கவே இல்லையே” என்றார். ஏசாமல் அவரைக் கைப்பிடித்து எழுப்பினேன்.

கை ஆறியது. விரல்கள் முன்போல மடங்குவதில்லை. இவர் கெட்டதை மாற்றி, கம்பியை எடுத்து, புது ரிலே போட்டிருக்கிறார். நாங்கள் இருவரும் வெளியே போனால் இப்போது பாட்டு கிடையாது. நான் வீட்டில் இருக்கும்போது மட்டும்தான்.

சுவிட்சைப் போட்டால் அப்பா பெட்டியைத் தொடுவதில்லை. அவருக்கு ‘டிக்’ கேட்காது. கையைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தைப் பார்ப்பார். ‘டிக்’ கேட்டு நான் தலையாட்டிய பிறகுதான் கை பெட்டியில் இறங்கும்.

நேற்று வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ‘டிக்’ வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டு என்னவோ ஓடத் தொடங்கிவிட்டது. ரிலே பிரியாமல் ஒட்டியே கிடந்தாலும் பாட்டு அப்படித்தான் ஓடும். அப்பாவின் கை அந்தரத்திலேயே நின்றது. நான் தலையாட்டவில்லை, போய் சுவிட்சை அணைத்தேன்.