சொந்தப் பிள்ளைக்கு ஒரு டியூஷன்

ரங்கநாயகி முதன்முதலாகத் தேடி வந்த ஞாயிற்றுக்கிழமை, பிலோமினாள் அப்போதுதான் பூசை முடிந்து வந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். அனுப்பானடியில் மாடி வீடு. செங்குத்தான படியில் ஏறி வந்த ரங்கநாயகிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் அவள் மகள் காவ்யஸ்ரீ, ஒன்பதாம் வகுப்பு.

"கணக்கு டீச்சர் நீங்கதானே? நாலு மாசமா ஆள் தேடுறேன். ஒருத்தர் செல்போனப் பாத்துக்கிட்டே பாடம் நடத்துறாரு. இன்னொருத்தர் வாரத்துல மூணு நாள் வரவே இல்ல. ஆன்லைன்ல சேத்தேன், அந்தப் பொண்ணுக்குத் தமிழே தெரியல. கடைசியா எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன். மூணு பேரு உங்க பேரத்தான் போட்டாங்க."

காவ்யஸ்ரீ அம்மாவின் காதில் சௌராஷ்ட்ர மொழியில் ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன கேக்குறா?"

"அடிப்பீங்களான்னு."

பிலோமினாள் சிரித்துவிட்டாள். "அடிச்சுக் கணக்கு வரும்னா நானே எம்புட்டோ அடி வாங்கியிருப்பேன். நாளைக்கு அஞ்சு மணிக்கு வாம்மா."

அப்போது அவளிடம் பதினாறு பிள்ளைகள் படித்தார்கள். காவ்யஸ்ரீ பதினேழாவது. பின்னத்தில் கூட்டல் கழித்தலே தடுமாறிய பெண், மூன்று மாதத்தில் கரும்பலகைக்கு எழுந்து போய்ச் சமன்பாடு போட்டாள்.

பிலோமினாள் எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினோரு வருடம் கணக்கு நடத்தினாள். கொரோனா காலத்தில் ஆட்களைக் குறைத்தபோது, பி.எட். இல்லாதவர்களை முதலில் நிறுத்தினார்கள். அவள் எடுத்துவந்த பத்தாம் வகுப்பு அசோக்குமாருக்குப் போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்புக்குப் போகுமுன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்து, "அக்கா, இந்தக் கணக்க மட்டும் ஒருவாட்டி போட்டுக் காட்டுங்க" என்று நின்றவர் அவர்.

மகள் ஜெனி எல்கேஜியிலிருந்து அதே பள்ளி. வேலை போனபோது மகளையும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்றார் கணவர் தனிஸ்லாஸ். அவர் சமயநல்லூரில் ஒரு மில்லில் கிளார்க். "சிநேகிதிகள விட்டுட்டு வர மாட்டா, இருக்கட்டும்" என்று பிலோமினாள்தான் தடுத்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பின்னால் அவள் தன்னையே எத்தனையோ முறை திட்டிக்கொண்டாள்.

ஜெனி பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அசோக்குமார் தெப்பக்குளம் பக்கம் தன் வீட்டு மாடியில் கொட்டகை போட்டு டியூஷன் நடத்திக்கொண்டிருந்தார். ஜெனியின் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அதில் நாற்பது பேர் அங்கே போனார்கள். போகாத இரண்டு பேரில் ஜெனி ஒருத்தி. அவளுக்கு வீட்டிலேயே அம்மா இருந்தாள்.

காலாண்டுத் தேர்வில் ஜெனி நூற்றுக்கு அறுபத்தெட்டு வாங்கி வந்தாள். பிலோமினாள் விடைத்தாளை வரி வரியாகப் பார்த்தாள். ஒரு விடைகூடத் தப்பில்லை. இருபடிச் சமன்பாட்டை ஜெனி சூத்திரம் போட்டுத் தீர்த்திருந்தாள். வகுப்பில் காரணிப்படுத்தித்தான் நடத்தினார்களாம். சிவப்பு மையில் பெருக்கல் குறி. அப்படி ஏழு இடம்.

மறுநாள் பள்ளிக்குப் போனாள். பதினோரு வருடம் உட்கார்ந்த ஆசிரியர் அறைக்குள் விடவில்லை; வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அசோக்குமார் சிரித்த முகமாக வந்தார்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? அண்ணே எப்படி இருக்காரு?"

"இருக்கோம் அசோக். இதுல எது தப்புன்னு சொல்லுங்க. 'தீர்க்க'ன்னுதானே கேட்டிருக்கீங்க? எந்த வழில போட்டா என்ன?"

"விடை சரிதான்க்கா. ஆனா நான் நடத்துன மெத்தட்ல இல்லையே. ஒருத்திக்கு மார்க் போட்டா மத்த புள்ளைக கேக்குமா கேக்காதா?"

"நான் வீட்டுல சொல்லிக் குடுத்த வழி உங்களுக்குத் தெரியாததா?"

அவர் சிரிப்பு மாறவில்லை. "அதான்க்கா சொல்றேன். ரெண்டு எடத்துல கேட்டா புள்ள குழம்பிப் போகும். ஒரே எடத்துல கேக்கட்டும்." டியூஷன் என்ற சொல்லை அவர் வாயிலெடுக்கவே இல்லை. முதல்வரிடம் போனாள். மதிப்பெண் விஷயத்தில் பாட ஆசிரியர் சொல்வதுதான் முடிவு என்றார் முதல்வர்.

அதற்குப் பிறகு வகுப்பில் அசோக்குமார் ஜெனியைத்தான் முதலில் எழுப்பினார். "எந்திரிம்மா. உங்க வீட்டுலதான் பெரிய மேதை இருக்காங்களே, நீ வந்து நடத்து." பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிநேகிதிகளும் சிரித்தார்கள். காலையில் முதல் பீரியட் கணக்கு என்றால் ஜெனி சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்:

"அம்மா, நான் அங்கேயே போறேம்மா. எல்லாரும் போறாங்க. ப்ளீஸ்மா."

பிலோமினாளைவிட அதிகமாக அந்த ஆளை வெறுத்த தனிஸ்லாஸ்தான் கடைசியில் சொன்னார்: "போய்ச் சேத்து விட்ரு பிலோ. ஒரு வருசம்தான். வைராக்கியம் நமக்கு, வாந்தி எடுக்குறது புள்ளையில்ல?"

அவளே ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போனாள். சேர்க்கைப் படிவத்தைக் கொடுத்தார்கள். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'இல்லத்தரசி' என்று எழுதினாள். அசோக்குமார் அதைப் படித்தார், மடித்து மேசை டிராயருக்குள் வைத்தார்.

அரையாண்டில் ஜெனிக்குத் தொண்ணூற்றாறு. விடைத்தாளில் அதே மாதிரி இருபடிச் சமன்பாடு, அதே சூத்திரம். பக்கத்தில் சிவப்பு மையில் சரி.

"இப்ப மட்டும் எப்படிச் சரியாச்சு?" என்றாள் பிலோமினாள்.

ஜெனி தாளை வாங்கி மடித்தாள். "விடும்மா" என்றாள். அதன் பிறகு அவள் வீட்டில் கணக்குச் சந்தேகம் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரியில் அசோக்குமார் டியூஷனில் பொங்கல் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார்கள். முன்வரிசையில் ஜெனி. மறுநாளே ரங்கநாயகி வந்துவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்க பொண்ண ஏன் நீங்க வேற எடத்துக்கு அனுப்புறீங்க? சொந்தப் புள்ளைக்கே நீங்க பத்தலன்னா..."

அந்தப் பேச்சைப் பிலோமினாளால் தாங்க முடியவில்லை. நடந்தது அத்தனையையும் சொன்னாள். அறுபத்தெட்டு, வராந்தா பெஞ்சு, வாந்தி, எல்லாம். ரங்கநாயகி உண்மையிலேயே வருத்தப்பட்டுக் கேட்டாள். "பாவி, இப்படியுமா இருப்பான்?" என்றாள். பிறகு முந்தானையைத் திருகியபடி கொஞ்சம் யோசித்தாள்.

"அதே ஸ்கூல்தானே, அப்ப அடுத்த வருசம் எங்க காவ்யாவும் அந்த ஆளுகிட்டத்தானே வருவா டீச்சர்?"

"ஆமா."

"இப்பயே அங்க சேத்துட்டா நல்லதுதானே?"

அந்த மாதத்தோடு காவ்யஸ்ரீ நின்றுவிட்டாள். பொய் சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஒருவேளை இருந்திருப்பாள். உண்மையைச் சொல்லித் தானே அனுப்பி வைத்தோம் என்று நினைக்க நினைக்கப் பிலோமினாளுக்குக் கசந்தது.

அசோக்குமாரிடம் போனால்தான் மார்க் என்ற விஷயம் தெருவில் பரவியது. சிலர் காரணம் சொல்லி நின்றார்கள், சிலர் சொல்லாமல் நின்றார்கள். முழுப் பரீட்சை முடிந்தபோது பதினேழு பேர் நான்கு பேராகியிருந்தார்கள்.

பொதுத்தேர்வில் ஜெனி தொண்ணூற்றேழு வாங்கினாள். தெப்பக்குளம் சந்திப்பில் வைத்த பேனரில் அசோக்குமாரின் பெரிய படத்துக்குக் கீழே அவளுடைய சின்னப் படமும் இருந்தது. பதினோராம் வகுப்புக் கணக்குக்கும் அங்கேயே தொடர்ந்தாள்.

ஜூன் முதல் வாரம் அசோக்குமார் ஃபோன் செய்தார். "அக்கா, கூட்டம் தாங்கல. பத்தாம் வகுப்ப நீங்க வந்து எடுங்க. உங்கள மாதிரி யாரு நடத்துவா?"

"வெக்கமில்லாம கூப்பிடுறான் பாரு, போகாத" என்று தனிஸ்லாஸ் கத்தினார். மில்லில் அப்போது வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. கத்தி முடித்து அவரும் உட்கார்ந்துவிட்டார். பிலோமினாள் போனாள்.

முதல் நாளே அசோக்குமார் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் சொன்னார்: "மிஸ் டவுட் கிளியர் பண்ணத்தான் வாராங்க. நடத்துறது நான்தான். வீட்டுல கேட்டா அப்படித்தான் சொல்லணும், புரியுதா?" எல்லாரும் புரியுது சார் என்றார்கள். மூன்றாவது வரிசையில் காவ்யஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அதன்பின் அசோக்குமார் அந்த வகுப்புக்குள் வந்தது ஏழெட்டு நாள் இருக்கும்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், வகுப்பு முடிந்து ஸ்கூட்டியை எடுக்க வந்தபோது வாசலில் ரங்கநாயகி நின்றிருந்தாள். பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர்! எம்புட்டு நாளாச்சு! காவ்யா மிட் டெர்ம்ல தொண்ணூத்தொண்ணு. இங்க சேத்தப்புறம்தான் அவளுக்குக் கணக்கே பிடிபட்டிருக்கு. என்ன இருந்தாலும் சார் சார்தான்."

காவ்யஸ்ரீ பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். பிலோமினாள் அவளையே பார்த்தாள். அந்தப் பெண் திரும்பவில்லை.

"நீங்க எங்க டீச்சர் இந்தப் பக்கம்? ஜெனியக் கூப்பிட வந்தீங்களா?"

"ஆமா" என்றாள் பிலோமினாள்.