பதினாலா, பதினாறா

என் அக்கா வீட்டுக்காரர் வானத்தில் வேலை பார்க்கிறார் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். உண்மையில் அவர் வேலை பார்ப்பது ஊருக்கு வெளியே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில். வெளியே பெரிய பெரிய டிஷ் ஆன்டெனாக்கள், உள்ளே அளவுக்கு மீறிய ஏ.சி. எந்த வெயிலிலும் ஸ்வெட்டரோடு வேலைக்குக் கிளம்புகிற மனுஷர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். போனில் வழி காட்டுவதற்கு மேலே செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன அல்லவா, அவற்றைத் தரையிலிருந்து கட்டி மேய்ப்பது அந்த அறையில் இருப்பவர்களின் வேலை.

நான் மினி லாரி ஓட்டுகிறேன். கடையிலிருந்து ஃப்ரிட்ஜ், பீரோ, வாஷிங் மெஷின் எடுத்துக்கொண்டு போய் வீடுகளில் இறக்குவது என் பிழைப்பு. ஒருநாள் போன் என்னை ஒரு முட்டுச்சந்துக்குள் கொண்டுபோய் விட்டது. ரிவர்ஸ் எடுப்பதற்குள் ஒரு வீட்டு கேட்டும் என் மானமும் போயின. சாயங்காலம் நேராக அத்தான் வீட்டுக்குப் போனேன்.

"உங்க சாட்டிலைட்டு என்னை நடுச்சந்துல நிக்க வெச்சிருச்சு அத்தான்."

"சாட்டிலைட்டுக்கு உன்னைத் தெரியாது மாப்ளே," என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. "சந்தும் தெரியாது, ரோடும் தெரியாது. இப்ப மணி என்ன, நான் எங்க இருக்கேன், இந்த ரெண்டைத்தான் அது ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தப் பேச்சு வந்து சேர எவ்வளவு நேரமாச்சுன்னு பார்த்து தூரத்தைக் கணக்குப் போடுறது உன் போன். நாலு சாட்டிலைட் பேச்சு கெடைச்சா நீ எங்க நிக்கிறேன்னு தெரிஞ்சுரும். சந்து தப்புன்னா மேப் போட்டவனைப் போய்க் கேளு."

"மணி சொல்றதுக்கா இவ்ளோ பெரிய ஆபீசு?"

இதை நான் கேட்டிருக்கக் கூடாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். டீ ஆறிப் பாலாடை கட்டும்வரை அவர் விடவில்லை. அந்தக் கடிகாரங்கள் உலகத்திலேயே உசத்தியானவையாம். ஆனாலும் நாளாக ஆகக் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு தப்பினாலும் தரையில் முந்நூறு மீட்டர் தள்ளிப்போய்விடும். அதனால் தரையில் பல இடங்களில் ஆன்டெனா வைத்து எந்நேரமும் கேட்டு, எது எவ்வளவு தப்புகிறது என்று கணக்கெடுத்து, திருத்தத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பாதையும் அப்படித்தான். மெல்ல விலகும். எப்போதாவது சின்ன எஞ்சினை எரியவிட்டு அதைப் பழைய இடத்துக்குத் தள்ளவேண்டும்.

தள்ளுகிற சமயத்தில் செயற்கைக்கோள் தான் இருக்கும் இடத்தைத் தப்பாகச் சொல்லும். ஆகவே தள்ளுவதற்கு முன்பே, 'என்னை நம்பாதே' என்று அதன் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவார்கள். உடனே உலகத்தில் இருக்கிற போன், கப்பல், விமானம் எல்லாம் அதை ஒதுக்கிவிடும். இதற்கு அந்த அறையில் வைத்திருக்கும் பேர் 'உடம்பு சரியில்லை'. செயற்கைக்கோள்களுக்கு அங்கே பேர் கிடையாது, நம்பர்தான். அத்தான் வீட்டுக்குப் போன் போட்டு, "ஒம்போதுக்கு உடம்பு சரியில்ல, வர லேட்டாகும்" என்பார். "பதினொண்ணு தேறிருச்சு, கிளம்பிட்டேன்" என்பார். அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டம்மா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். அதில் பிள்ளைகளும் கொஞ்சம் அதிகம்.

இந்தக் கட்டளையை ஒருவரே அனுப்பிவிட முடியாது. ஒருவர் வாசிப்பார். பொத்தானுக்கு முன்னால் இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அழுத்தவேண்டும். அத்தான் அழுத்துகிறவர். அவருக்கு வாசிப்பது ஓர் இளம் பெண் பொறியாளர். எதிரும் புதிருமாக உட்கார்ந்து பல வருஷம் இந்த வேலையைப் பிசகில்லாமல் செய்தார்கள். பிறகு புதிதாக வந்த ஓர் அதிகாரி, எல்லோரும் பெரிய திரையைப் பார்த்து உட்காரட்டும் என்று மேஜைகளைப் பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி வரிசையாகப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் அந்தப் பெண், "பதினாறு, உடம்பு சரியில்லை" என்று வாசித்தாள்.

"பதினாலு, உடம்பு சரியில்லை," என்றார் அத்தான்.

"இல்ல சார். பதினாறு."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன். பதினாலு."

அந்தப் பெண் எழுந்து வந்து அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். இப்போது பதினாறு என்று சரியாகவே கேட்டது. அவர் அழுத்தினார், வேலை முடிந்தது, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் இத்தனை காலம் தான் காதால் கேட்கவில்லை, பாதிக்குமேல் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. பதினாலை அழுத்தியிருந்தால் நன்றாக இருக்கிற பதினாலை உலகம் ஒதுக்கியிருக்கும். இடம் மாறப்போகிற பதினாறை நம்பியிருக்கும்.

இதை அவர் என்னிடம் சொன்னது என் லாரியில். ஒரு ஃப்ரிட்ஜ் இறக்கப் போகும்போது கூட வருகிறேன் என்று தானாக ஏறிக்கொண்டார். பாதி வழியில், "எஞ்சினை நிறுத்து மாப்ளே. இந்தச் சத்தத்துல உன் பேச்சு கேக்காது," என்றார். ஓரம் கட்டினேன். ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்று பாதிதான் கேட்கும் என்றார். வெளியே தெரிந்தால் நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவார்கள்.

"ரிடையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தானே அத்தான். கண்டும் காணாம ஓட்டிருங்க," என்றேன். எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. பிரேக் சரியில்லாத வண்டியை நான் எத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

"வாயை மூடிக்கிட்ட சாட்டிலைட்டால யாருக்கும் ஆபத்து இல்ல," என்றார். "தப்பா சொல்லிக்கிட்டு, நல்லா இருக்கேன்னும் சொல்லுது பாரு, அதாலதான் கப்பல் தரை தட்டும்." பின்னால் கட்டியிருந்த ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். "அந்த நாற்காலி போயிட்டா நான் யாரு மாப்ளே?"

அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாள் நான்தான் அவரை அலுவலகத்தில் கொண்டுபோய் இறக்கினேன். காது விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனவர், எதிர்க் கடையில் நான் டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பிவிட்டார். எழுப்பிவிட்டார்களோ என்று பார்த்தால், முகத்தில் கோபம்.

"அவங்களுக்குத் தெரியுமாம்," என்றார்.

மேஜையைத் திருப்பிப் போட்ட மறுவாரமே கண்டுபிடித்துவிட்டார்களாம். அவர் ஷிப்டில் மட்டும் அடுத்த அறையில் மூன்றாவதாக ஓர் ஆள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பாராம். அந்த ஆள் சரி என்றால்தான் அத்தான் அழுத்துகிற பொத்தானுக்கே உயிர். அன்றைக்குப் பதினாலை அழுத்தியிருந்தாலும் மேலே ஒன்றும் போயிருக்காது. "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தோம் சார்," என்று அந்தப் பெண் கண் கலங்கினாளாம். மேலதிகாரி கையைப் பிடித்துக்கொண்டு, கடிகாரக் கணக்குப் பார்க்கிற பிரிவுக்கு வந்துவிடுங்கள், அங்கே காதுக்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான் என்றாராம்.

"நல்லதாப் போச்சுல்ல. வேலை இருக்கே," என்றேன்.

"என்ன நல்லது? போன் இருக்கே, ஏழெட்டு சாட்டிலைட் தெரிஞ்சா அதுல ஒத்துப்போகாததைத் தானே தள்ளி வெச்சுட்டு மிச்சத்தை வெச்சுக் கணக்குப் போட்டுக்கும். தள்ளின சாட்டிலைட்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லாது. என்னை அப்படி ஒதுக்கியிருக்காங்க மாப்ளே. நான் ஒரு முட்டாள் மாதிரி பொத்தானை அழுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்." இதை அவர் கத்திச் சொன்னார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குத் தான் கத்துவது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. உனக்கு?"

"தெரியும்," என்றாள் அக்கா.

"எத்தனை நாளா?"

"மேஜையை மாத்துறதுக்கு ரொம்ப முன்னாடியே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னேன்." அக்கா கையிலிருந்த தட்டை வைத்தாள். "உங்க முகத்துக்கு நேரா சொல்ல மனசு வரல. அதான் கேக்காத காதுப் பக்கம் வந்து சொன்னேன்."

அத்தான் எழுந்து, கேட்கிற காது அவள் பக்கம் வரும்படி நாற்காலியைத் தூக்கி மறுபக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப இந்தப் பக்கம் சொல்லு," என்றார்.

அக்கா சொன்னாள்.