தம்பிக்குக் கொளுத்திய மெழுகுதிரி

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் தேத்தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அடுத்த கதிரைக்கு மாறிவிடுகிற ஆள் நான். இருட்டில் கழிப்பறைக்குப் போகும்போது பாட்டுப் படிப்பேன், அது வேறு கதை. இதை நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

நான் குடியேறிய செவன் ஹில்ஸில் இருந்த வேலை போனதும், அண்டார்டிக்காவுக்குப் போகிற வழியிலுள்ள ஒரு தீவின் ஆய்வு நிலையத்துக்குச் சமையற்காரனாகப் போனேன். குளிர்காலம் முழுக்கக் கப்பல் வராது, என் சாப்பாட்டுக்குப் பயந்து யாரும் தப்பி ஓடவும் முடியாது, எனக்கேற்ற இடம். அங்கே கூட வேலைசெய்த கிரெய்க்கோடு ஒருநாள் தூரத்துக் குடிலொன்றுக்கு நடந்து போனபோது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. முன்னொரு காலத்தில் சீல் என்கிற கடல்நாய்களைத் தோலுக்காக வேட்டையாடியவர்கள் குளிர்காலத்தைக் கழித்த இடம் அது. ஊர் போய்ச் சேராதவர்களைப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அடுப்பு வாயு தீர்ந்தது. காற்று அடங்கும்வரை வர முடியாது என்று நிலையத்திலிருந்து வயர்லெஸில் சொன்னார்கள். கிரெய்க்கின் விரல்கள் நீலம் பாய்ந்தன. நான் பகிடி விடுவதை நிறுத்தியபோதுதான் தனக்குப் பயம் வந்ததாகப் பிறகு சொன்னான்.

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர், செத்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் இருக்கமாட்டோம். அங்கிருந்த அவசரப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அந்தத் தோல்காரருக்காகக் கொளுத்தினேன். அப்போதுதான் இறுதி யுத்தத்தில் காணாமற்போன தம்பி ஜெராட்டை நினைத்தேன். அவனுக்குக் கொளுத்த அம்மா ஒருநாளும் விட்டதில்லை. "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரடா கொளுத்துறது?" என்பார். நானும் இங்கே முடிந்துபோனால் அவனுக்கென்று யார் இருக்கிறார்கள்? "மன்னிச்சுக்கொள்ளடா" என்று இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துக் கொளுத்தினேன்.

அணைந்தது. மறுபடி கொளுத்தினேன், அணைந்தது. தோல்காரருடையது ஆடாமல் எரிகிறது.

"திரி ஈரமா இருக்கும், மாத்திப் பார்" என்றான் கிரெய்க்.

அவன் ஈரம் என்ற அதே திரியைத் தோல்காரருக்கென்று கொளுத்தினேன், நின்று எரிந்தது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்து "இது ஜெராட்டுக்கு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அணைந்தது.

"என்ன சொன்னாய் அதுக்கு?" என்றான் தமிழ் தெரியாத கிரெய்க். "ஒண்டுமில்லை" என்றேன்.

காற்று அடங்கி, ஆட்கள் வந்து, விரல்களும் தப்பின. வீடு திரும்பி அம்மாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவேயில்லை. "அவன் சின்னனிலையும் பிடிவாதம்தானே" என்று சிரித்தார்.

இப்போது ஒவ்வொரு நவம்பரும் மரித்தோர் திருநாளில் அப்பாவின் கல்லறைக்குப் போகும்போது, அத்தனை வருடம் தடுத்த அதே அம்மா கேட்கிறார்: "தம்பிக்கும் ஒண்டு கொளுத்தன், அணையிறதை நானும் ஒருக்காப் பாப்பம்."

போன முறை இலைகூட அசையவில்லை. "காத்தா இருக்கம்மா, பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு நெருப்புப்பெட்டியைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டேன். அணையாமல் எரிந்துவிட்டால் அவரை எப்படி வீட்டுக்குக் கூட்டிவருவது?