ஒரே ஆர்டருக்கு மூன்று ஜோடி லென்ஸ்

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் 'போன் அக்கா'. வாசல் மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவள். மகள் கல்லூரியில் சேர்ந்த அதே வருஷம் தானும் மாலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்துக்குச் சேர்ந்தாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே காலேஜ் பையா வாங்கிடலாமா?" என்று கேலி செய்தார் கணவர். அவரும் அங்கேதான், தேய்க்கும் மெஷினில். தொழிலில் கைதேர்ந்தவர், மனைவியைப் பாராட்டுவதில் மட்டும் மகா கஞ்சன்.

பட்டறைக்கு ஆர்டரெல்லாம் மெயிலில் வரும். மெயில் பெட்டி ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று, திறப்பவர்களோ ஊர்ப்பட்ட பேர். படித்தவர், அடுத்தவர் கண்ணிலும் படட்டும் என்று அதை மறுபடி 'படிக்காதது' ஆக்கிவிட வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம்; யார் தேய்ப்பது என்பதை வாயால் கேட்டுக்கொள்வார்கள். ஒருவர் மறந்தால் ஆர்டர் தூங்கிப்போகும்.

ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு மெயில் சர்வர் மென்பொருள் தேர்ந்தெடுக்கும்படி கல்லூரியில் ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். அவள் நேரே முதலாளியிடம் போய் நின்றாள். "நம்ம பட்டறைக்கே செஞ்சு தரேன் சார்." நாலைந்து மென்பொருள்களை எடுத்து வேகம், பாதுகாப்பு, இடவசதி என்று மதிப்பெண் போட்டு, முதலிடம் வந்ததை நிறுவினாள். அதில் ஆர்டரை யார் திறக்கிறாரோ அவர் பெயர் அதன்மேல் விழும், வாயால் கேட்கத் தேவையில்லை, மற்றவர்கள் தொடமாட்டார்கள்.

முதல் நாளே மூக்குடைபட்டாள். ஒரே ஆர்டருக்கு மூன்று ஜோடி லென்ஸ் தயாராகி வந்தன. முதல் ஜோடி கணவர் தேய்த்தது. திறந்தார், படித்தார், பழக்கதோஷத்தில் 'படிக்காதது' ஆக்கினார், பெயர் அழிந்துபோனது. அடுத்தவரும் அதையே செய்தார், அதற்கடுத்தவரும்.

"திங்கக்கிழமை வெளி கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன்மா," என்றார் முதலாளி. "அதுக்குள்ள சரியாகலன்னா அவர்கிட்டயே குடுத்துடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் கணவர்மேல் பாய்ந்தாள். "ஏங்க, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"கை தானா போகுது, நான் என்ன பண்ண? வருஷக்கணக்கா அப்படித்தானே பண்றோம்?"

அந்தப் பதிலில் அவள் கோபம் நின்றுபோனது. எதெதற்கோ மதிப்பெண் போட்டவள், இவர்களுடைய கைப்பழக்கத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மறுநாள், பட்டியலில் கீழே கிடந்த ஒன்றை எடுத்து நிறுவினாள். அதில் 'நான் எடுத்துக்கிட்டேன்' என்று அமுக்கினால் பெயர் ஒட்டிக்கொள்ளும். வேலை முடியும்வரை எதைத் தட்டினாலும் போகாது. முதல் தேர்வு தவறு என்பதையும், ஏன் தவறு என்பதையும் ப்ராஜெக்டில் ஒளிக்காமல் எழுதினாள். சனிக்கிழமை ஆர்டர்கள் வந்து குவிந்தன, ஒன்றுகூட இரட்டிக்கவில்லை. கணவர் என்னவோ 'படிக்காதது' ஆக்கிக்கொண்டேதான் இருந்தார்.

திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். "நல்லாத்தானே ஓடுது, யாரு செஞ்சது?"

முதலாளி வாய் திறக்குமுன், மெஷினை நிறுத்திவிட்டு ஈரக்கையோடு எழுந்து வந்தார் கணவர். "என் வீட்டுக்காரிங்க. நாங்க கெடுத்தாலும் கெடாத மாதிரி செஞ்சு வச்சிருக்கா."

பட்டறையே திரும்பிப் பார்த்தது. "டீ சாப்பிட்டுப் போங்க சார்," என்று சிரித்தார் முதலாளி. "உங்களுக்கு இங்க வேற வேலை இல்ல."

வந்தவர் வாசல் மேசைப் பக்கம் திரும்பினார். "நீங்களா மேடம்?"

யாராவது பாராட்டினால், ஏதோ தெரிஞ்சதைச் செஞ்சேன் என்று நழுவுகிறவள் அவள். அன்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாங்க, நான்தான்."