கோட்டையில் நடக்காத விபத்து

மாவு மில்லுக்காரரின் மகள் ஓட்டல் படிப்பில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பக்கத்திலேயே கல்லூரி, அவ்வளவுதான். ஆனால் கடைசி வருடப் பயிற்சிக்கு வெளிநாடு போகப் பேர் கொடுத்ததற்குக் காரணம் ஒருத்தி இருந்தாள். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. வகுப்பே அவளை நெட்டை என்றுதான் கூப்பிடும். ‘ஆசியாவைச் சுற்றிப் பாருங்கள், தொழிலையும் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒட்டியிருந்த சுவரொட்டியைக் காட்டி, “வாடி, போயிட்டு வருவோம். இங்க உக்காந்து என்னத்தக் கிழிக்கப்போறோம்?” என்றாள். மில்லுக்காரர் மகள் மறுபேச்சுப் பேசவில்லை. நெட்டை சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சமையலறையில் விடுவார்கள் என்று எண்ணிப் போனார்கள். விட்டது ஓட்டலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில். மாடிகளில் யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. துவைத்துப் பிழிந்ததை ஈரத்தோடு தேய்ப்பு இயந்திரத்தில் நுழைக்க வேண்டும். கொதிக்கும் இரும்பு உருளை விரிப்பை உள்ளே இழுத்து, அந்தப் பக்கம் அப்பளமாகத் தள்ளும். உருளைக்கு முன்னால் கை போகாமல் தடுக்கும் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் திருகுத் துளைகள்தான் இருந்தன. மாவு மில்லின் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வளர்ந்தவள் கண்ணில் அது முதல் நாளே பட்டது. மேற்பார்வையாளரிடம் கேட்டாள். கம்பி இருந்தால் வேலை ஓடாது என்று கையசைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு உலகம். பயிற்சிக்குப் பொறுப்பான பெண் தமிழ் பேசுகிறவள். “மேடம் எல்லாம் வேணாம், அக்கான்னு கூப்பிடுங்க” என்பாள். அவளே வேனில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவாள். அருங்காட்சியகம், படகுப் பயணம், அந்த நாட்டு உடையை வாடகைக்கு மாட்டிக்கொண்டு ஆட்டம். கூடவே ஒரு புகைப்படக்காரன். நெட்டை எதையும் விட மாட்டாள். கால் கடுக்க நடந்து, விளக்கப் பலகை ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். “வாரம் பூரா நாம எலி மாதிரி பொந்துல கெடக்கோம். இன்னைக்கு ஒரு நாளாவது மனுஷியா இருக்கேனே,” என்பாள்.

அந்த ஊர் மலைக்கோட்டைக்குப் போன ஞாயிறும் அப்படித்தான் விடிந்தது. திரும்பும்போதே அக்காவுக்குப் போன் வந்தது. ஓட்டலில் மாநாட்டுக் கூட்டம், விரிப்பு பற்றவில்லை. வேனை நேராகச் சலவைக்கூடத்துக்கு விடச் சொன்னாள். நெட்டை உடை மாற்றக்கூட நேரமில்லாமல், அகலக் கை வைத்த புதுச் சட்டையோடு இயந்திரத்தின் முன் நின்றாள். சட்டையின் கை ஈர விரிப்போடு சிக்கிக்கொண்டது. பின்னாலேயே அவள் கையும் உருளைக்குள் போனது.

அவசரப் பொத்தானை மில்லுக்காரர் மகள் குத்து குத்தென்று குத்தினாள். அசையவில்லை. சுவரோரம் ஓடி மெயின் சுவிட்சை இழுத்தாள். உருளை நின்றுவிட்டது, அதன் சூடு நிற்கவில்லை. அந்த அலறலைக் கேட்டவர்கள் யாரும் அதைப் பற்றிப் பிறகு பேசியதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா மில்லுக்காரர் மகளைத் தனியே அழைத்துப் போனாள்.

“கோட்டைக் கதவு அடிச்சு கை நசுங்கிடுச்சுன்னு சொல்லிடும்மா. இன்னைக்கு எல்லாரும் அங்கதான இருந்தீங்க, போட்டோ இருக்கு.”

“அங்க நடக்கலையேக்கா.”

“வேலை செய்யுற எடத்துல நடந்துச்சுன்னா மொத்தப் பேரையும் மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க. எல்லாரோட படிப்பும் அம்போதான். அந்தப் பாவம் உனக்கு வேணுமா? அவளே சரின்னுட்டா.”

நம்பாமல் உள்ளே போய்க் கேட்டாள். நெட்டை கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். “ஆமாடி. கை போனது போயிருச்சு. சர்டிபிகேட்டாவது வரட்டும். வாய மூடிக்கிட்டு இரு.”

மறுநாள் தொழிலாளர் துறை அதிகாரி வந்தார். கோட்டைக் கதவுக் கதையை அக்கா சொன்னாள். அவர் நெட்டையின் கைக்கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். கதவு இடித்தால் தோல் எப்படி வெந்திருக்கும் என்று கேட்டார். அதிகாரி மில்லுக்காரர் மகளிடம் திரும்பினார். கட்டிலில் இருந்து நெட்டை தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. மில்லுக்காரர் மகளுக்கோ, அடுத்து அந்த இயந்திரத்தின் முன் நிற்கப்போவது யார் என்ற நினைப்புதான் ஓடியது. தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

சலவைக்கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். பயிற்சியும் நின்றது, அக்கா சொன்னது அப்படியே நடந்தது. விடுதியில் அவளோடு யாரும் ஒரே மேஜையில் உட்காரவில்லை. “பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு,” என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். வருடம் ஒன்று வீணாகப் போனவர்களின் பேச்சு. நெட்டையின் வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலில் பாதியும் மிஞ்சின. விமானத்தில் அவள் மில்லுக்காரர் மகளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார மறுத்துவிட்டாள்.

“எனக்காகவா சொன்ன? உன் மனசு நிம்மதியா இருக்கணும்னு சொன்ன,” என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

ஊர் வந்து சில மாதங்கள் ஆனபின் நெட்டையின் அம்மா மில்லுக்கே வந்து நின்றாள். மாவுத் தூசிக்குள் குரலை உயர்த்தி, “யார்கிட்டயும் பேச மாட்டேங்குறாம்மா. என்னையும் கிட்ட விட மாட்டேங்குறா. நீ ஒரு எட்டு வந்து பாரேன்,” என்றாள்.

போனாள். நெட்டை சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. ஒற்றைக் கையால் வாரப் பார்த்துப் பாதியில் விட்டிருந்தாள். மில்லுக்காரர் மகள் சீப்பை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்து, நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தாள். நெட்டை தட்டிவிடவில்லை. வெகுநேரம் ஆயிற்று. இரண்டு பேரும் அழவில்லை.

பின்னுவதற்கு முடியை மூன்றாகப் பிரிக்கத் தொடங்கியபோது நெட்டை சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“இறுக்கிப் பின்னாத. தலை வலிக்கும்.”