தொட்டிக்குள் இறங்கப் போன என் கால்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திராட்சை அறுவடை மும்முரமாக இருந்த சமயம். தேனியில் ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்குத் தொழிலிடப் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் படம் போட்டுக் காட்டினால் மட்டும் போதாது என்று பதினோரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, கம்பம் பக்கத்தில் ஒரு சின்ன பழச்சாறு ஆலைக்குக் கிளம்பினேன்.

வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு தேங்கும், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார், அதனால் பின்னாலேயே இறங்காதீர்கள் என்று உத்தமபாளையம் வருவதற்குள் மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஆலை மேலாளர் டீ கொடுத்துவிட்டு எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே தரைமட்டத்தில் ஒரு கழிவுநீர்த் தொட்டி. இரண்டு தொழிலாளிகள் அதைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் உள்ளே; இன்னொருவர் வாளி எடுக்கப் போயிருந்தார். நாங்கள் கிட்டே போகவும் அவர் திரும்பி வரவும் சரியாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர், "அண்ணே, எந்திரிங்கண்ணே" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. நானும் குனிந்து பார்த்தேன். பத்தடி ஆழத்தில், சேற்றில் சுவரோடு சாய்ந்து கிடந்தார்.

அந்த இன்னொருவர் இரும்புப் படியில் கால் வைத்துவிட்டார். அடுத்து நடந்ததைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. கைப்பையைக் கீழே போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நானும் எதிர்ப்பக்கப் படியில் கால் வைத்தேன். வேனில் பேசியது எதுவும் மனதில் இல்லை. அந்த முகம் மட்டும்தான் தெரிந்தது.

யாரோ என் கையை நகம் பதியப் பிடித்து இழுத்தார்கள். மலையடிவாரத்து லோயர் கேம்ப் ஊரிலிருந்து வரும் மாணவி. கடைசி பெஞ்சில் உட்காருவாள். பாடத்தைக் கவனிக்கிறாயா என்று ஒருமுறை அவளைக் கடிந்திருக்கிறேன்.

"மேடம், எறங்காதீக. நீங்கதான சொன்னீக."

பையன்கள் இரண்டு பேர் அந்தத் தொழிலாளியையும் பிடித்துக்கொண்டார்கள். அவர் திமிறினார், கெட்ட வார்த்தையில் திட்டினார். அவள்தான் கயிற்றைக் காட்டினாள். பெரியவர் இறங்கும்போது இடுப்பில் கட்டியிருந்த கயிறு. அதன் மறுமுனை தொட்டி விளிம்பில் சும்மா கிடந்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். பாதி வழியில் உடம்பு படியில் சிக்கிக்கொண்டது. தளர்த்தி, மறுபடி இழுத்தோம். கயிறு அறுந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு இழுத்தேன்.

மேலே கொண்டுவந்து காற்றோட்டமான இடத்தில் கிடத்தினோம். மூச்சு மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. 108 வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. மதியத்துக்கு மேல் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார்.

கல்லூரியில் எங்களைப் பாராட்டினார்கள். என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. காரணம், ஆஸ்பத்திரி வராந்தாவில் மேலாளர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை: "நீங்க வாரீகன்னுதான் மேடம், இன்னைக்கே கழுவச் சொன்னேன்."

பாதுகாப்பு சொல்லித்தரப் போன நான்தான் அந்தப் பெரியவரை உள்ளே இறக்கியிருக்கிறேன். வகுப்பில் பேசும்போது பாதியில் நின்றுவிடுவேன். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவருடைய மனைவி நாற்காலி போட்டார். நான் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் நிதானமாகச் சொன்னார்:

"நீங்க வராட்டியும் எறங்கியிருப்பேன், மேடம். மாசாமாசம் எறங்குறதுதான. அன்னைக்குத்தான் மேல இத்தனை ஆளு நின்னாக."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அதைக் கேட்டு இன்னும் கலக்கம் கூடியது. இப்போது அந்த ஆலையில் காற்று ஊதும் மெஷின் வாங்கிவிட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேலேயே நிற்கிறார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அது ஒரு ஆலை. கம்பம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு ஆலையின் தகரக் கூரை கண்ணில் பட்டால், இந்த நிமிடம் அங்கே இறங்கியிருப்பவருக்கு மேலே யாராவது நிற்கிறார்களா என்ற கேள்வி, இன்றைக்கும் என்னை சீட்டில் நிம்மதியாகச் சாயவிடுவதில்லை.